மலையேறாத மீட்புப் பணம்

விடியுமுன்னே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் முந்தல் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறிவிடும். ஏலத்தோட்டத்தில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகும் கூலியாட்கள், பெரும்பாலும் பெண்கள், அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மாநில எல்லை அடைபட்டது. போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடந்த ஏலக்காய் ஏலமும் நின்றது. பொருளாதாரம் இப்படிச் சரியும்போது அரசு கைகொடுத்தே ஆகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த மே மாதம் மத்திய அரசு சிறுதொழில்களுக்கு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதத்தைப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில் வங்கியில் ஏற்கெனவே எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் கூடுதல் கடனாகக் கிடைக்கும். பல தொழில்களை அது மூடாமல் காப்பாற்றியது உண்மை. ஆனால் பழைய கடன் இல்லாதவருக்கு அதில் இடமே இல்லை. அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணின் பெயரில் எந்த வங்கியில் தொழிற்கடன் இருக்கும்?

கைதூக்கிவிட்டுப் பழக்கினால் அடுத்த முறை துணிந்து சூதாடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 2008 விவசாயக் கடன் தள்ளுபடியில் ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை; அந்த மனக்குறை நியாயமானது. தோட்டக்காரர்கள் 2019 ஆகஸ்டில் ஏலக்காயைக் கிலோ 7,000 ரூபாய்வரை விற்றார்களே, 2021-இல் ஆயிரத்துக்குக் கீழே போனால் தாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த 7,000 ரூபாய், முந்தைய ஆண்டு வெள்ளத்திலும் பின்வந்த வறட்சியிலும் செடி அழிந்து காய் அருகியதால் வந்த விலை. விற்கக் கையில் சரக்கு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காய் பறித்தவருக்கோ அந்த உச்ச விலையில் பங்கில்லை. விலை விழுந்தால் களையெடுப்பைத் தள்ளிப்போடுவார்கள், முதலில் குறைவது அவருடைய வேலைநாள்தான். சூதாடாதவரைச் சூதாட்டத்தின் பெயரால் கைவிடுவது என்ன நியாயம்?

அவரைத் தேடிப்பிடிப்பது கடினம் என்பதையும் ஏற்கமுடியாது. 2021 மே, ஜூனில் தமிழக அரசு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. ஈடு கேட்கவில்லை, பழைய கடன் கணக்கும் கேட்கவில்லை. ரேஷன் கடையே போதுமாக இருந்தது. அந்தப் பணம் அதே வாரத்தில் மளிகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போய்ச் சேரும் என்பதால் ஊர்க் கடைத்தெருவும் அதில் பிழைக்கும். முதல் ஊரடங்கிலும் இதே வழியில் 1,000 ரூபாய் வந்தது. வழி சரிதான், ஆனால் அன்று அந்த ஜீப்புகள் மலையேறாமல் நின்றது மாதக்கணக்கில்.