ஆமென் என்னும் எபிரேயச் சொல்லும் நம் திருப்பலித் தமிழும்



ஞாயிறு திருப்பலியில் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்று நாம் சொல்லுகிறோம். இம்மூன்றும் எபிரேயத்திலிருந்து வந்த சொற்கள். மற்ற யாவற்றையும் தமிழாக்கிவிட்ட நாம் இவற்றை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம்.

அந்த எபிரேயம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியாக இருக்கவில்லை. மறைநூலிலும் மன்றாட்டிலும் அறிஞர்களின் எழுத்திலும் மட்டுமே வாழ்ந்தது. இயேசுவின் காலத்திலேயே மக்கள் வீட்டில் பேசியது பெரும்பாலும் அரமேயம்தான். இன்றோ இஸ்ரயேலில் சிறுவர்கள் எபிரேயத்தில் விளையாடிச் சண்டையிடுகிறார்கள்! இது எப்படி நடந்தது?

1881-இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் எகூதா, தம் மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதிபூண்டார். ஆனால் ஒரு வீட்டின் பிடிவாதத்தால் மட்டும் ஒரு மொழி எழுந்துவிடாது. 1913-இல் கைபா நகரில் தொடங்கவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழியில் பாடம் நடத்த முடிவானபோது, ஆசிரியரும் மாணவரும் போராடி எபிரேயத்துக்கு இடம் பெற்றனர். 1922-இல் பிரித்தானிய ஆட்சி ஆணை, ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. 1948-இல் நாடே அமைந்தது. பள்ளியும் குடியேற்றமும் சட்டமும் சேர்ந்து செய்த வேலை இது. அதற்கு விலையும் இருந்தது. ஐரோப்பிய யூதர்கள் தாலாட்டுப் பாடிய இத்திஷ் மொழி, பழைய அடிமை வாழ்வின் மொழி என்று ஒதுக்கப்பட்டது.

மொழியும் அதிகாரமும் கைகோப்பது புதிதல்ல. நெகேமியா நூலின் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யூதர்களின் பிள்ளைகள் யூதாவின் மொழி தெரியாமல் அஸ்தோது மொழி பேசுவதைக் கண்டு, ஆளுநராகிய நெகேமியா பெற்றோரை அடித்து முடியைப் பிடித்து இழுக்கிறார். மொழிப்பற்று எவ்வளவு கடுமையாகவும் ஆகக்கூடும் என்பதை விவிலியம் மறைக்கவில்லை.

தமிழின் கதை வேறு. தமிழ் எந்நாளும் பேச்சில் இருந்து மறையவில்லை. ஆயினும் நாம் இன்று மன்றாடும் தமிழ், நம் பாட்டனார் மன்றாடிய தமிழ் அல்ல. அந்த மாற்றத்தில் அரசியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' காலத்தில் நம் மறைச்சொற்கள் பல போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தன. திருப்பலிக்கு 'மிஸா' என்னும் சொல் தமிழர் காதில் 'மீசை' என்றே விழுந்ததாம்! 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அன்று உயர்ந்தோர் வழக்காக மதிக்கப்பட்ட வடசொற்களை நாடினார். சர்வேசுரன், பூசை, ஞானஸ்நானம், பிரியதத்தம், அர்ச்சியசிஷ்டர் போன்ற சொற்களால் ஆன செபங்களை நம் முன்னோர் பல தலைமுறை கண்ணீரோடு சொல்லி வந்தனர்.

1916-இல் வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலை அடிகள், தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். 1938-இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அது தெருவுக்கு வந்தது. தாளமுத்து, நடராசன் ஆகியோர் சிறைப்பட்டு உயிர்நீத்தனர். 1940-இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இந்நிலையில்தான் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாசல் திறந்தது. 1965 ஜனவரியில் மதுரையில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்த அதே ஆண்டுகளில், நம் பீடங்களில் இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. உரோமையின் முடிவுக்கும் மதுரைத் தெருவுக்கும் தொடர்பில்லை. ஆனால் 'எந்தத் தமிழ்?' என்ற கேள்விக்கு விடை சொன்னது அந்தத் தெரு என்றே நாம் எண்ணுகிறோம். பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, மேற்றிராணியார் ஆயரானார்.

நம் குருக்களும் சும்மா இருக்கவில்லை. ஈழத்தில் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகளார், வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றிய நாட்களில் தமிழைக் கசடறக் கற்றார். 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றார். 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டின் உயிர்நாடி அவரே. இரண்டாம் மாநாட்டை 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சென்னை கண்டது.

1995-இல் சீர்திருத்த சபையாரோடு இணைந்து நாம் பெற்ற விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்த நடையை நிலைப்படுத்தியது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சொற்கள் தமிழாக, பெயர்கள் எபிரேயத்தை நோக்கித் திரும்பின. 'ஆண்டவர் அருளுகிறார்' என்னும் பொருளுள்ள எபிரேயப் பெயரை அருளப்பர் என்று எவ்வளவு அழகாகத் தமிழாக்கியிருந்தார்கள்! அவர் யோவானாகிவிட்டார். இங்கே செயல்பட்டது அரசியல் அல்ல, சபைகளின் ஒற்றுமை. செபம் என்ற சொல்லோ ஜகரத்தை மட்டும் களைந்துவிட்டு இன்னும் வடசொல்லாகவே நிற்கிறது. நம் குஜிலியம்பாறையைக் குசிலியம்பாறை என்று எழுதுவோரும் உண்டு. பேருந்து ஏறுகிறவர்கள் ஜகரத்தை விடுவதாக இல்லை!

நம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. தமிழுக்காகக் கிடைத்த வெற்றி அவர்களுடைய அடுக்களை மொழிக்கு எதையும் தரவில்லை. அதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதியோருக்குச் செய்யும் நோயில்பூசுதலை இன்றும் 'அவஸ்தைப்பூசுதல்' என்றே சொல்லும் பாட்டிமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் மங்கள வார்த்தை செபத்தைப் பழைய சொற்களில் தொடங்கினால், கட்டிலைச் சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கு அடுத்த பாதி சொல்லத் தெரிவதில்லை. அச்செபங்களை அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள இப்போதும் நேரமிருக்கிறது.