9 லட்சத்துக்குச் சீட்டை விற்றவர் ஏமாளியா? - 1738-லேயே கிடைத்த பதில்!

உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் காசைச் சுண்டப் போகிறார்கள். தலை விழுந்தால் உங்களுக்கு 20 லட்சம் ரூபாய். பூ விழுந்தால் சைபர். சுண்டுவதற்கு முன்னால் ஒருவர் ஓடி வந்து, "அந்தச் சீட்டை என்கிட்ட குடுத்துடுங்க, இப்பவே 9 லட்சம் தர்றேன்" என்கிறார். கொடுப்பீங்களா?

வெறும் கணக்குப் பார்த்தால் கொடுக்கக் கூடாது. பாதி வாய்ப்பு, 20 லட்சம். ஆக, சீட்டின் சராசரி மதிப்பு 10 லட்சம். 9-க்கு விற்றால் ஒரு லட்சம் நஷ்டம். ஆனால், நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடுவோம். 'இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே' என்று வீட்டில் பெரியவர்களும் சொல்வார்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று நினைச்சிடாதீங்க. அந்த வாதத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டியிருக்கிறார் ஒருவர்.

அவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் பெர்னூலி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியின் இதழில் 1738-ல் வெளியான அவருடைய கட்டுரையில் இதே சீட்டு வருகிறது. அங்கே பரிசு 20,000 டியூகட் தங்கக் காசு, விற்கும் விலை 9,000. ஏழை விற்பது சரி, பெரிய பணக்காரர் அதை வாங்காமல் விடுவதுதான் தப்பு என்றார் பெர்னூலி. அதாவது, ஒரே சீட்டு, ஆளுக்கு ஒரு மதிப்பு!

அவர் சொன்ன காரணம் எளிமையானது. கூடுதலாக வரும் ஒரு ரூபாய் தரும் பயன், ஏற்கெனவே உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு லட்சம் இரண்டு லட்சமாவதும், 10 கோடி 20 கோடியாவதும் மனதுக்கு ஒரே அளவு ஏற்றம் என்று வைத்துக்கொண்டார். இந்த அளவுகோலில் நம்ம சீட்டை நிறுத்துப் பாருங்கள். சேமிப்பு ஒரு லட்சம் மட்டுமே உள்ளவருக்கு அதன் மதிப்பு சுமார் மூன்றரை லட்சம்தான். 9 லட்சம் கிடைத்தால் அவருக்கு ஜாக்பாட். 10 கோடி வைத்திருப்பவருக்கோ சீட்டின் மதிப்பு கிட்டத்தட்ட 9.95 லட்சம். விற்றவர், வாங்கியவர் இருவருமே புத்திசாலிகள்.

பணத்தின் சராசரியைப் பார்க்காமல், பணம் தரும் பயனின் சராசரியைப் பார்க்கச் சொல்லும் இந்த யோசனைக்குத்தான் பொருளாதாரத்தில் 'எக்ஸ்பெக்டட் யுடிலிட்டி' என்று பெயர்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு ஒரு வியாபாரியின் சரக்கு கப்பலில் வரவேண்டும். வந்து சேர்ந்தால் 10,000 ரூபிள். நூறு கப்பல்களில் ஐந்து மூழ்கிவிடும். இன்ஷூரன்ஸ் கேட்டால் 800 ரூபிள் என்கிறார்கள். சராசரி இழப்பு 500 ரூபிள்தான். அப்படின்னா 300 ரூபிள் தண்டமா?

வியாபாரியிடம் வேறு சொத்து எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார் பெர்னூலி. 5,043 ரூபிளுக்குக் கீழே இருந்தால் இன்ஷூரன்ஸ் எடுப்பதே நல்லது. அதற்கு மேல் இருந்தால் தேவையில்லை. 'வேணுமா, வேணாமா?' என்ற கேள்விக்கு இவ்வளவு கறாரான பதிலை இன்றைக்கும் எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார்.

இதை அப்படியே உங்கள் போனுக்குக் கொண்டுவாருங்கள். புது போன் வாங்கும்போது, 'ஸ்கிரீன் உடைஞ்சா கவலை இல்ல, ப்ரொட்டெக்‌ஷன் பிளான் போட்டுக்கோங்க' என்பார்கள். ஸ்கிரீன் மாற்றும் செலவை அடுத்த மாதச் சம்பளத்தில் சமாளிக்க முடியும் என்றால், நீங்கள் 5,043-க்கு மேலே உள்ள வியாபாரி. விட்டுவிடலாம். அதே நீங்கள், 'எனக்கு 25 வயசுதானே' என்று ஹெல்த் இன்ஷூரன்ஸைத் தள்ளிப்போடுகிறீர்களா? ஒரு விபத்து, ஒரு வாரம் ஐ.சி.யூ. மொத்தச் சேமிப்பும் காலியாகி, வீட்டு நகையும் அடகுக்குப் போகும் என்றால், உங்களுடைய கப்பல் அதுதான். நடக்கும் வாய்ப்பு குறைவு என்பது மட்டுமே இங்கே பதில் ஆகாது. நடந்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ டிரேடிங்குக்கும் இதே கேள்விதான். ஒரு லட்சம் போடுகிறீர்கள். தலை விழுந்தால் 50 சதவிகிதம் ஏறும், பூ விழுந்தால் 40 சதவிகிதம் இறங்கும். சராசரி 5 சதவிகித லாபம், சூப்பர் ஆட்டம்! ஆனால், முழுப் பணத்தையும் வைத்து ஒருமுறை ஜெயித்து, ஒருமுறை தோற்றுப் பாருங்கள். 1.5 லட்சமாகி, பிறகு 90,000. சராசரியில் லாபம் தரும் ஆட்டத்திலேயே இப்படி. நிஜத்தில் சராசரியே நஷ்டம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதிவிகிதம் பேர் பணத்தை இழந்தார்கள். சராசரி இழப்பு தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்கிறது செபியின் ஆய்வு. கடன் வாங்கி இறங்கியவருக்கு அந்த 2 லட்சம் எவ்வளவு பெரிசு என்று பெர்னூலியின் அளவுகோலில் போட்டுப் பாருங்கள்.

சரி, மனிதர்கள் நிஜமாகவே இப்படிக் கணக்குப் போட்டா முடிவெடுக்கிறார்கள்? 1952-ல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் மோரிஸ் அலே இதைச் சோதித்தார். நீங்களும் பதில் சொல்லுங்களேன்.

முதல் கேள்வி: நிச்சயமாக 10 கோடி பிராங்க் வேண்டுமா? அல்லது 50 கோடி கிடைக்க 10 சதவிகிதமும், 10 கோடி கிடைக்க 89 சதவிகிதமும், ஒன்றுமே கிடைக்காமல் போக 1 சதவிகிதமும் வாய்ப்புள்ள ஆட்டமா? பலர் நிச்சயமான 10 கோடியைத்தான் எடுப்பார்கள்.

இரண்டாவது கேள்வி: 11 சதவிகித வாய்ப்பில் 10 கோடியா, 10 சதவிகித வாய்ப்பில் 50 கோடியா? இப்போது அதே ஆட்கள் 50 கோடி பக்கம் போவார்கள்.

இதில் என்ன தப்பு? நூறு டோக்கன் வைத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் 89 டோக்கன்களுக்கு எதை எடுத்தாலும் 10 கோடி. இரண்டாவதில் அதே 89-க்கு எதை எடுத்தாலும் சைபர். வித்தியாசம் மீதி 11-ல்தான். அந்த 11-ம் இரண்டு கேள்வியிலும் அச்சு அசலாக ஒன்றே: ஒரு பக்கம் பதினொன்றுக்கும் 10 கோடி, மறுபக்கம் பத்துக்கு 50 கோடி, ஒன்றுக்கு சைபர். எனில், பதிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கோட்பாட்டின் பெரிய ஆதரவாளரான அமெரிக்கர் லெனார்ட் சாவேஜும் எல்லோரையும் போலத்தான் மாற்றிப் பதில் சொன்னார். பிறகு, 1954-ல் வந்த தன் புத்தகத்தில் இப்படி நூறு சீட்டாகப் பிரித்துப் பார்த்து, தன் முதல் பதில் தப்பு என்று மாற்றிக்கொண்டார். அலே அதை ஏற்கவில்லை. 'நிச்சயம்' என்பதற்கு மக்கள் தனி மதிப்பு கொடுப்பதில் தப்பே இல்லை, கோட்பாட்டில்தான் ஓட்டை என்றார். நீங்க யார் கட்சி?