சட்டத்துள் ஒரு சட்டம்



தமிழில் 'சட்டம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சுவரிலே தொங்கும் படத்தைச் சுற்றி நாற்புறமும் மரத்தால் அமைந்திருப்பது சட்டம். மக்கள் இன்னவாறு ஒழுகல் வேண்டும் என்று அரசு விதிப்பதும் சட்டமே. முன்னதைத் தச்சன் செய்கின்றான். பின்னதை மன்றம் செய்கின்றது. ஆயினும் இரண்டும் ஆற்றும் தொழில் ஒன்றே. எது உள்ளே இருக்கலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்று எல்லை வகுப்பதே அத்தொழில். வீதியில் நடமாடும் மக்களைப் புகைப்படம் எடுக்கும் கலைஞர்கள் கையாளும் ஓர் உத்தியை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு பொருளும் துணைசெய்யும்.

எந்தப் புகைப்படத்துக்கும் நான்கு ஓரங்கள் உண்டு. அவையே அதன் முதற் சட்டம். அதற்குள்ளே, காட்சியில் இயல்பாக அமைந்து கிடக்கும் ஒரு கதவுநிலையையோ, யன்னலையோ, கட்டட வளைவையோ, வேலியின் இடைவெளியையோ இரண்டாவது சட்டமாகக் கொண்டு, அதனூடாக மனிதரைக் காட்டுவதே இவ்வுத்தியாகும்.

இது புகைப்படக் கருவிக்கு முந்திய உத்தி. யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830ஆம் ஆண்டளவில் பூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் வரிசையை வரையத் தொடங்கினார். அவற்றுள் ஒன்றில், அடிப்பலகை இல்லாத பெரியதொரு பீப்பாய் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கின்றது. அதனுள்ளே ஒரு தொழிலாளி குனிந்து பலகையை இழைத்துக்கொண்டிருக்கின்றான். அந்த வட்டத்தினூடே, வெகு தொலைவில், சிறு முக்கோணமாகப் பூஜி மலை தெரிகின்றது. யப்பானியர் போற்றும் மலை ஒரு தொழிலாளியின் பீப்பாய்க்குள் அடங்கிவிட்டது. பார்ப்பவர் கண் முதலில் உழைப்பவனைக் கண்டு, பின்னரே மலையைக் காண்கின்றது. ஓவியர் எண்ணியதை அந்த வட்டமே சொல்லிவிடுகின்றது.

புகைப்படக் கலையும் ஏறக்குறைய ஒரு யன்னலிலேயே பிறந்தது எனலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்போட் என்னும் அறிஞர் 1835ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தம் லேக்கொக் மாளிகையின் பின்னல் யன்னலைப் படம்பிடித்தார். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நெகற்றிவ் அதுவே. ஒளி உள்ளே வரும் வழியும், உள்ளிருந்து உலகைக் காணும் வழியும் யன்னலே அன்றோ?

எனினும் ஏனைய கலைஞரைவிட வீதிப் புகைப்படக்காரருக்கே இவ்வுத்தி மிகுதியாக வேண்டப்படுவது ஏன்? ஓவியர் தாம் விரும்பிய இடத்தில் மனிதரை நிறுத்தலாம். வேண்டாத பொருளை வரையாது விடலாம். படப்பிடிப்பு நிலையத்தில் தொழில்புரிபவர் விளக்கையும் திரையையும் தம் விருப்பப்படி மாற்றலாம். வீதியில் நிற்பவருக்கோ இவ்வதிகாரம் எதுவும் இல்லை. விளம்பரப் பலகை, மின்கம்பம், நிறுத்திய வாகனம், குறுக்கே நடப்பவர் ஆகிய யாவும் அவர் கேளாமலே படத்துள் புகுந்துவிடும். எங்கே நிற்பது, எப்பொழுது விசையை அழுத்துவது என்னும் இரண்டே அவர் கையில் உள்ளவை. ஆகவே, வீதியே தரும் கதவையும் யன்னலையும் கொண்டு அவர் காட்சியை ஒழுங்குசெய்கின்றார்.

அவ்வொழுங்கு மூன்று வகையில் நிகழ்கின்றது. முதலாவது, விலக்குதல். இருண்ட வாயிலினூடே வெளிச்சமான முற்றத்தைக் காட்டினால், வேண்டாத பொருள்கள் இருளில் மறைய, கண் இயல்பாகவே ஒளியை நாடிச் செல்லும். இரண்டாவது, ஆழம் தருதல். புகைப்படத் தாள் தட்டையானது. அருகே ஒரு தூணும் தொலைவில் ஒரு மனிதரும் அமையும்பொழுது, அவர்களுக்கிடையே உள்ள வெளியைப் பார்ப்பவர் உணர்கின்றார். மூன்றாவதும் முதன்மையானதும், உறவைச் சொல்லுதல். யார் உள்ளே இருக்கின்றார், யார் வெளியே நிற்கின்றார், பார்ப்பவர் எப்பக்கத்தில் இருக்கின்றார் என்பவற்றை அந்தச் சட்டம் காட்டிவிடுகின்றது. முதல் இரண்டும் அழகைச் சார்ந்தவை. மூன்றாவதே பொருளைச் சார்ந்தது.

பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் இளமையில் ஆந்திரே லோத் என்னும் ஓவியரிடம் பயின்றவர். 1932இல் தென் பிரான்சின் இயேர் நகரில் அவர் எடுத்த படமொன்று புகழ் பெற்றது. மேலிருந்து நோக்கும்பொழுது, படிக்கட்டும் அதன் இரும்புக் கைபிடியும் சுருண்டு வளைந்து கீழே இறங்குகின்றன. அவ்வளைவு திறந்துவிடும் வீதித் துண்டில் ஒரு துவிச்சக்கர வண்டிக்காரர் விரைகின்றார். படியும் கைபிடியும் என்றும் அங்கே இருப்பவை. வண்டிக்காரர் கணப்பொழுதில் மறைபவர். நிலையானது சட்டமாக, நிலையற்றது அதனுள் உயிராகின்றது. கற்போர் இப்படத்திலிருந்து பெறத்தக்க பாடம் இதுவே: முதலில் நல்ல சட்டத்தைக் கண்டுபிடித்து, மனிதர் அதனுள் வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சான் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில், வெள்ளம் தேங்கிய நிலத்தை ஒருவர் தாவிக் கடக்கும் காட்சியையும் கார்ட்டியே-பிரெசோன் எடுத்தார். பலகை வேலியின் இடைவெளியில் வில்லையை வைத்தே அதனை எடுத்தார். ஆனால் அவ்விடைவெளி வில்லைக்குப் போதாமையால், நெகற்றிவின் இடப்பக்கத்தில் வேலி மங்கலாக விழுந்துவிட்டது. தம் படங்களின் ஓரத்தை வெட்டுவதை விரும்பாத அவர், இப்படத்தில் அப்பகுதியை நீக்க உடன்பட்டார். வேலி அங்கே பொருள் எதுவும் தரவில்லை. தாவும் மனிதரும் நீரில் அவர் நிழலுமே போதுமானவையாயிருந்தன. சட்டத்தைத் தேடுவதுபோலவே, வேண்டாத இடத்தில் அதனை நீக்குவதும் கலைஞரின் கடமையாகும்.

சட்டமே பொருளை மாற்றும் என்பதற்கு ஹங்கேரியிற் பிறந்த ஆந்திரே கெர்ட்டெஸின் படமொன்று சான்று. 1930ஆம் ஆண்டளவில் அவர் பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சுக் கல்விக் கழகக் கட்டடத்தின் பெரிய கடிகாரத்துக்குப் பின்னே நின்று, அதன் கண்ணாடியினூடாகக் கீழே உள்ள பாலத்தைப் படம்பிடித்தார். கடிகாரத்தின் எண்களும் முட்களும் கரிய உருவாகப் பெருத்துத் தோன்ற, பாலத்தில் நடப்போர் எறும்புபோற் சிறுத்துத் தெரிகின்றனர். அதே பாலத்தை அதே நேரத்தில் ஆற்றங்கரையில் நின்று எடுத்திருந்தால் அது வெறும் பாலமே. கடிகாரத்தினூடே எடுத்தமையால், காலத்தின் கீழே நடமாடும் மனிதரின் படமாயிற்று.

தொடக்கத்திற் கூறிய சட்டம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றுகூடும் படம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பிறந்து, 1947இல் அமெரிக்காவில் குடியேறியவர் ரொபேட் பிராங்க். 1955இல் கூகன்ஹைம் நிதியத்தின் உதவித்தொகை பெற்று அந்நாட்டின் பல மாநிலங்களையும் மோட்டார் வண்டியிற் சுற்றி, ஏறக்குறைய 27,000 படங்களை எடுத்தார். அவற்றுள் 83 படங்களைத் தெரிந்து தொகுத்த நூல் 1958இல் பாரிஸிலும், 1959இல் 'அமெரிக்கர்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் நியூ யோர்க்கிலும் வெளிவந்தது.

1955 நவம்பரில் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வீதியில் ஒரு ட்ராம் வண்டியை அவர் பக்கவாட்டில் நேராக நின்று எடுத்தார். வண்டியின் யன்னல்கள் வரிசையாகப் படத்தை நிறைக்கின்றன. வெண்ணிறமான கம்பங்கள் அவற்றைப் பிரிக்கின்றன. முதல் யன்னலில், கண்ணாடியில் விழுந்த ஒளியால் முகம் மங்கிய ஒரு வெள்ளையர். அடுத்ததில், கடுமையான பார்வையுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நடுவில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள் இருவர். அதற்கும் பின்னால், கைகளை யன்னல் விளிம்பில் வைத்து, சொல்லவியலாத ஒரு துயரத்துடன் கமராவை நோக்கும் கறுப்பினத்தவர் ஒருவர். கடைசியில் கறுப்பினப் பெண் ஒருவர். முன்னிருந்து பின்னாக இதுவே வரிசை.

இவ்வரிசை தற்செயலானதன்று. அந்நாளில் அந்நகரின் ட்ராம் வண்டிகளில் வெள்ளையர் முன்னும் கறுப்பினத்தவர் பின்னும் அமர வேண்டும் என்பது விதி. இருக்கைகளின் முதுகுப் பலகையிற் செருகி எடுத்து நகர்த்தக்கூடிய ஓர் அறிவிப்புப் பலகையே இரு சாராருக்கும் எல்லை. இனத்துக்கு இனம் வேறு இடம் ஒதுக்குவது முறையே என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1896இல் அளித்த தீர்ப்பும் அதே லூசியானா மாநிலத்துப் புகையிரதப் பயணம் ஒன்றைப் பற்றிய வழக்கிலேயே எழுந்தது.

பிராங்கின் படத்தில் அறிவிப்பு எதுவும் வாசிக்கப்படுவதில்லை. காவலர் இல்லை, சண்டை இல்லை, எவரும் எவரையும் ஏசவில்லை. அறுவருள் அடங்கும் சிலர் பயணம் செய்கின்றனர், அவ்வளவே. ஆயினும் யன்னல் கம்பங்கள் ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்துள் வைத்து, கணக்குப் புத்தகத்தின் நிரல்போல முன்பின்னாக அடுக்கிவிடுகின்றன. தச்சன் செய்த சட்டம் மன்றம் செய்த சட்டத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. வண்டியின் உள்ளே ஏறி நின்று எடுத்திருந்தால் நெருக்கமான மனிதர் கூட்டமே தெரிந்திருக்கும். வெளியே நேராக நின்றமையாலேயே விதி தெரிந்தது.

அடுத்த மாதம் முதலாந் திகதி, அலபாமா மாநிலத்து மொண்ட்கோமரி நகரில், ரோசா பார்க்ஸ் அம்மையார் பஸ் வண்டியில் தம் இருக்கையை வெள்ளையர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். அங்கே தொடங்கிய பஸ் பகிஷ்கரிப்பு ஓராண்டுக்கு மேல் நீடித்து வெற்றி கண்டது. நியூ ஓர்லியன்ஸ் ட்ராம் வண்டிகளில் அப்பிரிவினை 1958இல் ஒழிந்தது. அறிவிப்புப் பலகைகள் அகன்றன. அவை மனிதரை எவ்வாறு அடுக்கின என்பதற்கு அந்த யன்னல்கள் இன்றும் சாட்சி கூறுகின்றன.

சட்டம் காட்டுவதற்கு மட்டுமன்றி மறைப்பதற்கும் உதவும். நியூ யோர்க்கில் வாழ்ந்த சோல் லீற்றர், 1957ஆம் ஆண்டளவில் எடுத்த வண்ணப் படமொன்றில், இருண்ட பலகைகளே படத்தின் பெரும்பகுதியை மூடிவிடுகின்றன. அவற்றின் இடையே ஒடுங்கிய கீற்றில் மட்டும் வீதி தெரிகின்றது. குறைவாகக் காட்டியமையாலேயே பார்ப்பவர் கூர்ந்து நோக்குகின்றார். ஜெய்ப்பூரிற் பிறந்த ரகுவீர் சிங், அம்பாசிடர் மோட்டார் வண்டியின் கதவு, கண்ணாடி, யன்னல் ஆகியவற்றைச் சட்டமாகக் கொண்டு இந்திய வீதிகளைப் படம்பிடித்தார். அவர் 1999இல் மறைந்தபின், 2002இல் அப்படங்கள் நூலாயின. வண்டியில் இருப்பவருக்கும் வெளியே நடப்பவருக்கும் உள்ள தூரத்தை அவை மறைக்கவில்லை. தாம் எப்பக்கத்திலிருந்து பார்க்கின்றார் என்பதை அக்கலைஞர் படத்திலேயே ஒப்புக்கொள்கின்றார்.

இவ்வுத்தியைப் பழக விரும்பும் நேயர்கள் சில செய்முறைகளை மனத்திற் கொள்ளலாம். ஒளியை அளக்கும்பொழுது சட்டத்தின் இருளை அளவாகக் கொள்ளாமல், அதனூடே தெரியும் வெளிச்சமான பகுதியையே அளவாகக் கொள்ளல் வேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் அப்பகுதியைத் தொட்டால் போதும். அவ்வாறு செய்தால் சட்டம் கரிய உருவாகவும், உள்ளே உள்ள மனிதர் தெளிவாகவும் அமைவர். அருகும் தொலைவும் ஒருங்கே தெளிவாக வேண்டுமாயின் வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்குதல் வேண்டும். 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் கமராவில், 35 மில்லிமீற்றர் வில்லையை 11 என்னும் துவார எண்ணில் வைத்து, 3 மீற்றர் தூரத்துக்குக் குவித்தால், ஏறக்குறைய 2 மீற்றரிலிருந்து 10 மீற்றருக்கு அப்பாலும் தெளிவு கிடைக்கும். மனிதர் தலை சட்டத்தின் விளிம்பில் ஒட்டாமல், சுற்றிலும் சிறிது வெளி இருத்தல் நன்று. அதற்கு ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தாலே போதுமானது.

செய்முறையிலும் பெரிதான எச்சரிக்கை ஒன்று உண்டு. கம்பி யன்னலுக்குப் பின்னே நிற்கும் எளிய மனிதர் ஒருவர் தம் வீட்டில் மகிழ்ச்சியோடு இருக்கலாம். அக்கம்பிகளை மட்டும் எடுப்பாகக் காட்டும் படம் அவரைச் சிறைக் கைதியாக்கிவிடும். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் மெய்யாகவே அங்கிருந்தும், படம் பொய்யுரைத்துவிடும். வீதியை நோக்கும் யன்னல் ஆயினும் வீட்டின் உள்ளகம் வீதியன்று என்பதையும் மறத்தலாகாது. பிராங்கின் ட்ராம் வண்டிக் கம்பங்கள் ஏற்கத்தக்கவையாயினமைக்குக் காரணம், அவை காட்டிய பிரிவினை உண்மையிலேயே அங்கே நிலவியமையே.

ஆகவே, கதவும் வளைவும் கண்ணிற் பட்டவுடனே விசையை அழுத்தாது, ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளல் நன்று. இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் படத்தின் பொருள் குறையுமா? குறையாதெனின், அது வெறும் அலங்காரம். கார்ட்டியே-பிரெசோன் வேலியை நீக்கியதுபோல நீக்கிவிடலாம். குறையுமெனின், அது உள்ளிருக்கும் மனிதரைப் பற்றிய மெய்யைச் சொல்கின்றதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்விரு வினாவுக்கும் விடை கண்டபின் எடுக்கும் படம், வீதியின் அழகோடு அங்கு வாழும் மக்களின் நிலையையும் பார்ப்போர்க்கு உணர்த்தும்.