முன்பள்ளிக் குழந்தைகளின் நடத்தை, மனவெழுச்சிச் சிக்கல்கள்: மதிப்பிடுவோர் வேறுபாட்டைப் பொருள்கொள்ளுதல்

முன்னுரை

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை தன் மனநிலையைத் தெளிவுற எடுத்துரைக்க வல்லதன்று. ஆகவே, அதன் நடத்தை, மனவெழுச்சிச் சிக்கல்கள் பற்றிய தரவுகள் பெரும்பாலும் பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் கூற்றுகளாகவே ஆய்வாளரை வந்தடைகின்றன. இக்கூற்றுகள் முரண்படுமிடத்து அம்முரணை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அகமுகமும் புறமுகமும்

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் உளச்சிக்கல்களை அகமுகம், புறமுகம் என இரு பெரும் தொகுதிகளாகப் பகுத்தார். அச்சம், ஒதுங்கியிருத்தல், உடற்காரணம் புலப்படாத வயிற்றுவலி முதலியன அகமுகத்தைச் சாரும். அடித்தல், கடித்தல், பொருள்களை உடைத்தல் போன்றவை புறமுகத்தைச் சாரும். பின்னவை பிறருக்கு இடையூறாவதால் உடனே கவனம் பெறுகின்றன. முன்னவை குழந்தையையே வருத்துவதால் எளிதில் மறைந்துபோகின்றன.

தமிழ்ப் பேச்சு வழக்கும் இம்மறைவுக்குத் துணைபுரிகிறது எனலாம். புறமுக நடத்தையைக் குறிக்க அடம், சேட்டை, முரண்டு, வால்தனம் எனச் சொற்கள் பல உள. யாரோடும் சேராமல் மூலையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கோ 'சமத்து' என்னும் பாராட்டே கிடைக்கிறது. 'கூச்சம்' என்னும் சொல் இருப்பினும் அது குறையாகக் கருதப்படுவதில்லை. பெண் குழந்தையிடம் நற்பண்பாகவே கொள்ளப்படுவதும் உண்டு.

முரண்படும் கூற்றுகள்

அக்கன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தாய், தந்தை போன்று ஒரே சூழலில் குழந்தையைக் காண்போரிடையே சராசரி ஒட்டுறவுக் கெழு 0.60 ஆக இருந்தது. பெற்றோர், ஆசிரியர் போன்று வெவ்வேறு சூழலில் காண்போரிடையே அது 0.28 மட்டுமே. இத்தொகுப்பு வளரிளம் பருவத்தினரையும் உள்ளடக்கியது என்பதால், இவ்வெண்களை முன்பள்ளிப் பருவத்துக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் ஒருவர் கூற்று மற்றவர் கூற்றுக்கு மாற்றாகாது என்பது தெளிவு.

இவ்வேறுபாட்டை அளவீட்டுப் பிழையெனக் கருதி இரு மதிப்பெண்களின் சராசரியைக் கொள்ளும் போக்கு ஏற்புடையதன்று. தெரிவுநிலைப் பேசாமை இதற்குத் தக்க சான்று. இக்குழந்தை வீட்டில் சரளமாகப் பேசும். பள்ளியில் வாய் திறவாது. "ஓயாமல் பேசுவாள்" என்னும் தாயின் கூற்றும் "பேசுவதே இல்லை" என்னும் ஆசிரியரின் கூற்றும் ஒருங்கே உண்மை. சராசரி கண்டால் சிக்கல் கரைந்துவிடும். இரண்டையும் தனித்தனியே வைத்து நோக்கினால் அம்முரணே சிக்கலை அடையாளம் காட்டும். இந்நிலை பதற்றக் கோளாறுகளுள் ஒன்றாக 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ளது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்து மௌனத்தை மட்டும் கொண்டு இதனை உறுதிசெய்தலாகாது.

கருவியும் வினாவும்

ஒன்றரை முதல் ஐந்து வயதினருக்கென 2000ஆம் ஆண்டு வெளியான அக்கன்பாக் மதிப்பீட்டுப் படிவங்களுள், பெற்றோர் படிவத்தில் உறக்கச் சிக்கல் தனித் தொகுதியாக உள்ளது. ஆசிரியர் படிவத்தில் அத்தொகுதி இல்லை. இரவில் குழந்தை விழித்தழுவதை ஆசிரியர் அறியார் அல்லவா? மறுபுறம், அங்கன்வாடிப் பணியாளர் ஒத்த வயதினர் பலரை அருகருகே காண்கிறார். ஒரே குழந்தையை வளர்க்கும் தாய்க்கு இவ்வொப்பீடு வாய்ப்பதில்லை.

தமிழில் வினாநிரல் அமைப்போர் வினாவின் சொல்லமைப்பிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். "குழந்தை அமைதியாக இருக்கிறதா?" என்னும் வினாவுக்குப் பெருமிதத்தோடு கூடிய 'ஆம்' விடையாக வரும். "நேற்று யாருடன் விளையாடியது? என்ன பேசியது?" என்று வினவினால், விடை கூறுவோர் நினைவுகூர்ந்து பார்க்க நேரும்.