பட்டுவிட்டதா, குத்தினாயா?

சிறையில் கவுன்சலிங் என்றதும், யாரோ ஒருவர் கைதிக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் கிரெண்டன் சிறையில் ஆறுதலுக்கு அவ்வளவு இடமில்லை. அங்கே கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் சக கைதிகள்.

குற்றவாளிகளின் மனநல சிகிச்சைக்கென்று தனி நிறுவனம் வேண்டும் என ஈஸ்ட், ஹியூபர்ட் என்ற இரு மருத்துவர்கள் 1939இலேயே பரிந்துரைத்தார்கள். போர் குறுக்கிட்டது. கிரெண்டன் திறக்க 1962 ஆகிவிட்டது. கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை எனப் பெருங்குற்றம் செய்தவர்களே இங்கு அதிகம். ஆனால், தானே விரும்பி விண்ணப்பித்தவருக்குத்தான் இடம். அடிதடியும் போதைப்பொருளும் கூடாது.

ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 40 பேர். காலையில் சிறு குழுக்களாக வட்டமாக உட்காருகிறார்கள். சிகிச்சையாளரும் காவலரும் கூடவே இருப்பார்கள். ‘சண்டையில் கத்தி பட்டுவிட்டது’ என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘பட்டுவிட்டதா, குத்தினாயா?’ என்று எதிரே இருப்பவர் மடக்குவார். அதே சாக்கைத் தானும் பல ஆண்டு சொல்லி வந்தவர் அவர், அதனால் விடமாட்டார். நாடக முறைச் சிகிச்சையும் உண்டு. அதில் தன்னால் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று குற்றம் செய்தவரே பேச வேண்டியிருக்கும். தண்டனையை எண்ணி நாள் கழிப்பதைவிட இது கடினம் என்றே நான் நினைக்கிறேன்.

விதியை மீறியவர் தொடர்ந்து இருக்கலாமா என்று சக கைதிகள் வாக்களிக்கிறார்கள். முடிவான அதிகாரம் ஊழியர்களுடையது. என்றாலும் அந்த வாக்குக்கு மதிப்புண்டு. பிறர் வாழ்வைப் பற்றி யோசித்துக் கைதூக்கும் பழக்கமே பலருக்கு அங்குதான் வருகிறது.

குழுவாக உட்காரவைத்துப் பேசினாலே போதும் என்பதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கென நடந்த சிகிச்சைத் திட்டம் ஒன்றை நீதி அமைச்சகம் ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாதவர்களில் 8 சதவீதம். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு பல ஆண்டு நடத்திய ஒன்றை இப்படி அளந்து பார்த்து நிறுத்தியது சரியான செயல்.

கிரெண்டனையும் அளந்தார்கள். 18 மாதமோ அதற்கு மேலோ தங்கியவர்கள் விடுதலைக்குப் பின் மீண்டும் தண்டனை பெறுவது குறைந்திருந்தது. சில வாரப் பயிற்சியைக் கொடுத்துச் சான்றிதழை நீட்டும் சிறைகள் கவனிக்க வேண்டியது அந்த 18 மாதத்தைத்தான்.