ரதியும் நோவாவின் மனைவியும்

மாசி மாத வளர்பிறையில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுவார்கள். அன்று முதல் காமன் எரியும் நாள் வரை லயங்களுக்கு நடுவே தப்பு முழங்கும். பகலில் கவ்வாத்து வெட்டிய ஆண் ஒருவர் இரவில் சேலை கட்டி, காமன் எனும் மன்மதனின் மனைவி ரதியாக வருவார்.

உழைக்கும் ஆண்கள் பெண் வேடம் கட்டும் இதே ஏற்பாடு இடைக்கால இங்கிலாந்திலும் இருந்தது. யார்க் நகரத்தில் கிறிஸ்தவர்களின் திருவுடல் திருநாளன்று விவிலியக் கதைகளை நாடகமாக ஆடினார்கள். 1376இல் அதைப் பற்றிய முதல் குறிப்பு கிடைக்கிறது. 1569 வரை ஆடியிருக்கிறார்கள். நடித்தவர்கள் தொழிலாளர்கள். பேழை கட்டும் காட்சியைக் கப்பல் தச்சர்களும், வெள்ளம் வரும் காட்சியை மீனவர்களும் மாலுமிகளும் ஏற்றார்கள். பெண் வேடம் ஆண்களுக்கே.

அங்கே, வெள்ளத்திலிருந்து தப்பப் பேழை கட்டிய நோவாவின் மனைவி அதில் ஏற மறுக்கிறாள். நூறு ஆண்டுகள் பேழை கட்டியவர் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்கிறாள். சுற்றமும் நட்பும் வெள்ளத்தில் போவதை எண்ணி அழுகிறாள். செஸ்டர் நகரத்து நாடகத்திலோ, தோழிகளை விட்டு வரமாட்டேன் என்று நிற்பவளைப் பிள்ளைகள் தூக்கி ஏற்றுகிறார்கள். ஏறியதும் கணவனை அறைகிறாள். அடங்காத மனைவி என்று கூட்டம் சிரிப்பதற்காக எழுதிய காட்சி அது. ஆனாலும் அவள் கேட்டது நியாயமான கேள்வி.

நம் ரதியும் மறுக்கிறாள். சிவனின் தவத்தைக் கலைக்க இந்திரன் மன்மதனை அனுப்பும்போது, கெட்ட கனவு கண்டேன், போகாதீர்கள் என்று வாதாடுகிறாள். மன்மதன் கேட்கவில்லை, நெற்றிக்கண்ணில் எரிகிறான். இங்கே யாரும் சிரிப்பதில்லை. மனைவி சொன்னதே சரி என்று கதை நிரூபிக்கிறது. பெரும்பாலும் பெண்கள் பாடும் ஒப்பாரியை ஓர் ஆணின் குரல் ஏற்றுப் பாட, பொட்டலே கலங்குகிறது. ரதியின் அழுகைக்கு இரங்கிய சிவன் மன்மதனுக்கு உயிர் தருகிறார், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி.

கொழுந்து பறித்துத் தோட்டத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். கங்காணியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் இருந்தவர்கள் ஆண்கள். அந்த மண்ணில், பெண்ணின் சொல்லைக் கேளாததன் விலையை ஆண்டுதோறும் ஊர் கூடிப் பார்க்கும் கலை ஒன்று நிலைத்திருப்பது பெரிய வியப்பு.

நோவாவின் மனைவியின் குரல் இன்று நமக்குக் கேட்பதற்குக் காரணம், யார்க் நகரசபை 15ஆம் நூற்றாண்டில் நாடகங்களை ஒரே ஏட்டில் எழுதி வைத்ததுதான். அந்த ஏடு இப்போது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. ரதியின் பாடல்கள் பெரும்பாலும் மூத்தவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. அவற்றை மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் எழுத்தில் கொண்டுவரப் பாடுபட்டார்கள். ஆனால் பாட்டும் வழக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் தோட்டத்து ரதியின் பாட்டை இந்த மாசியிலேயே கைபேசியில் பதிந்து, எழுதியும் வையுங்கள். அந்த வேடத்தை நம் பெண் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.