பரங்கிமலையும் மரபுத்தொடரும்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார இரயில் பல்லாவரத்தையும் மீனம்பாக்கத்தையும் கடந்து செல்லுங்கால், இடப்புறத்தே ஒரு சிறு குன்று தோன்றும். அதன் உச்சியில் பழமையான தேவாலயம் ஒன்று விளங்கும். அக்குன்றே பரங்கிமலை. பரங்கியர் என்பது ஐரோப்பியருக்கு, சிறப்பாகப் போர்ச்சுக்கீசியருக்கு, நம் முன்னோர் வழங்கிய பெயராகும். அவர்கள் 1523-ஆம் ஆண்டில் அம்மலைமீது தேவாலயம் எழுப்பினர். ஆங்கிலேயர் சென்னையில் நிலம் பெற்றதோ 1639-ஆம் ஆண்டில்தான். எனவே, இவ்வட்டாரத்தில் ஆங்கிலம் ஒலிப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே போர்ச்சுக்கீசிய மொழி ஒலித்துவிட்டது.

அந்நாளில் கடற்கரைப் பட்டினங்களில் வாணிகம் செய்வோர்க்கு அம்மொழியே பொதுமொழியாய் உதவிற்று. ஆங்கிலக் கம்பெனிக்கு 1698-இல் வழங்கப்பெற்ற பட்டயம், இந்தியாவிற்கு வரும் சமய குருமார் ஓராண்டிற்குள் போர்ச்சுக்கீசிய மொழியைக் கற்றல் வேண்டும் என்று விதித்தது. இதனால் அதன் செல்வாக்கு நன்கு விளங்கும். அச்செல்வாக்கின் அடையாளங்கள் நம் இல்லங்களில் இன்றும் உள்ளன. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய், ஏலம் என்பன போர்ச்சுக்கீசிய மொழி நமக்குத் தந்த சொற்களாகும்.

ஒரு சொல் கடல் கடந்து செல்லுதல் எளிது. பொருளைக் கொண்டு வருவோர் அதன் பெயரையும் உடன் கொண்டு வருவர். ஆனால் மரபுத்தொடர் அவ்வாறு எளிதில் பெயர்வதன்று. மரபுத்தொடராவது, தன்கண் உள்ள சொற்களின் நேர்ப்பொருளை விட்டு, வழக்கினால் வேறொரு பொருளை உணர்த்தும் தொடராகும். ‘அவன் கம்பி நீட்டிவிட்டான்’ என்றால், அவன் கையில் கம்பியும் இல்லை. அதை அவன் நீட்டவும் இல்லை. அவன் எவரும் அறியாமல் ஓடிவிட்டான் என்பதே பொருள். சொல்லுக்குச் சொல் பொருள் காண முற்படுவோன் இங்கே ஏமாந்து போவான்.

ஆயினும், வெவ்வேறு நாட்டு மக்கள் ஒரே கருத்தை எவ்வெவ்வாறு தொடராக்கியுள்ளனர் என்று ஒப்பிட்டு நோக்குதல் இன்பம் பயப்பதாகும். ஒரு முயற்சியால் இரு பயன் பெறுதலை நாம், ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என்கிறோம். ஆங்கிலேயர் ஒரே கல்லால் இரு பறவைகளை வீழ்த்துவர். போர்ச்சுக்கீசியரோ தடியின் ஒரே வீச்சில் இரு முயல்களை அடிப்பர். கருத்து ஒன்றே, மாந்தோப்பும், பறவை வேட்டையும், தடியேந்திய மேய்ப்பனும் அவரவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை.

நடவாத ஒன்றைக் குறிக்க, ‘பன்றிகள் பறக்கும்போது நடக்கும்’ என்பர் ஆங்கிலேயர். ‘கோழிக்குப் பல் முளைக்கும்போது’ என்பர் போர்ச்சுக்கீசியர். நாமோ அதனை முயற்கொம்பு என்கிறோம். நன்கு அறிந்தவனுக்கே கற்பிக்க முனைதலைப் பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுப்பதாக ஆங்கிலம் நகையாடும். பாதிரியாருக்கே செபம் கற்பிப்பதாகப் போர்ச்சுக்கீசியம் கூறும். ‘மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?’ என்று தமிழ் வினவும்.

சில இடங்களில் ஒற்றுமை வியப்பூட்டும். ‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது நம் பழமொழி. ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் இதனையே குதிரைமேல் வைத்துக் கூறுவர். பல்லைக் கண்டு விலங்கின் வயதை அறியும் வழக்கம் எங்கும் இருந்தமையே இதற்குக் காரணம். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று நாம் கூறுவதை, மெல்லிய நீரும் விடாது மோதினால் வலிய கல்லைத் துளைக்கும் என்று போர்ச்சுக்கீசியர் கூறுவர்.

தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் உரிய கஞ்சி அம்மொழியில் அடைந்த நிலை இன்னும் சுவையானது. அச்சொல் கடல் கடந்து, ‘கான்ஷா’ என வழங்கி, கோழியும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சும் சாற்றுக்குப் பெயராயிற்று. பின்னர் ஒரு செயல் மிக எளிது என்பதைக் குறிக்க, ‘அது கான்ஷா’ என்று கூறும் வழக்கும் அங்கே தோன்றியது. அதே கருத்தை ஆங்கிலேயர், ‘ஒரு துண்டு கேக்’ என்பர். நம்மிடையே, ‘தண்ணீர் பட்ட பாடு’ என்ற தொடர் அதற்கு நெருங்கியது. நாம் தந்த சொல்லே ஆயினும், அவர்கள் படைத்த மரபுத்தொடர் நமக்கு விளங்கவில்லை! சொல் வேறு, மரபு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வேறுபாட்டை உணராதவர் அடையும் இழுக்கை ஒரு நூலின் வரலாறு காட்டும். 1855-ஆம் ஆண்டில் பாரிசு நகரில், போர்ச்சுக்கீசிய மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் உரையாடல் நூல் ஒன்று வெளிவந்தது. அதனை ஆக்கிய பெத்ரோ கரோலினோ என்பவருக்கு ஆங்கில வழக்கறிவு இல்லை. அவர் பிரெஞ்சுத் தொடர்களை அகராதியின் துணைகொண்டு சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார் என்று ஆய்ந்தோர் கூறுவர். நெடுநேரம் காத்திருத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு மரபுத்தொடர் ஒன்று, அந்நூலில் ஒரு சிறு குரங்கைக் கடித்து நொறுக்குதல் என்னும் பொருள்பட வந்து நின்றது! உழைத்துக் கற்க வேண்டிய மாணவர்க்கு எழுதிய நூல் உலகம் நகைக்கும் நூலாயிற்று. 1883-இல் வெளிவந்த அதன் அமெரிக்கப் பதிப்பிற்கு நகைச்சுவை எழுத்தாளர் மார்க் டுவெய்ன் முன்னுரை வரைந்தார். ஆசிரியரின் பிழைக்கு நகைத்தோர் பலர். அதனை நம்பிக் கற்ற மாணவர் பட்ட இடரை எண்ணியவர் எத்துணைப் பேர்?

மறுபுறம், அன்றீக்கே அன்றீக்கசு என்னும் போர்ச்சுக்கீசியத் துறவியின் வாழ்வைக் காண்க. முத்துக்குளித்துறைக்கு வந்த அவர் அங்குள்ள மக்களோடு வாழ்ந்து தமிழைக் கற்றார். தமிழ் இலக்கணம் ஒன்றைத் தம் மொழியில் எழுதினார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு. முன்னவர் அகராதியை மட்டும் நம்பினார். பின்னவர் மக்களின் வாய்மொழியைக் கேட்டார்.

பரங்கிமலை முதல் தாம்பரம் வரை உள்ள ஊர்களில் இன்று பல மொழி பேசுவோர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். பள்ளியில் ஆங்கிலம் பயிலும் மாணவர், ஒரு தொடரைக் கண்டவுடன் அதன் சொற்களைத் தனித்தனியே பெயர்த்தல் ஆகாது. இத்தொடர் எவ்விடத்தில் வழங்குகிறது, என்ன கருத்தை உணர்த்துகிறது என்று முதலில் ஆராய வேண்டும். பின்னர், அக்கருத்தை நம் மக்கள் எவ்வாறு சொல்வர் என்று எண்ணித் தேர்தல் வேண்டும். பறவையை மாங்காயாகவும், குதிரையை மாடாகவும் மாற்றத் தெரிந்தவனே மொழிபெயர்ப்பாளன். சாவி என்ற சொல்லைப் பரங்கியரிடமிருந்து நாம் பெற்றோம். ஆயினும் ஒரு மொழியின் மரபைத் திறக்கும் சாவி, அம்மொழி பேசும் மக்களிடமே உள்ளது.